கேஸ் போட்டால் கட்டைவிரல்தான் வருகிறதா? – மருத்துவக் கல்வி கேள்வி பதில்

மருத்துவ மாணவர்களுக்கு இணையவழிக் கலந்துரையாடலில் கேஸ் (ஒரு நோயாளியின் நோய் விவரம்) வைத்துச் சொல்லிக்கொடுப்பது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். ஆசிரியர்கள், மாணவர்கள், ஒரு தந்தை எனப் பலரும் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர் நான். 150 மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு கேஸ் போடுகிறேன். ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார். மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்களைப் பேசவைப்பது எப்படி?
– மருத்துவக் கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்

மாணவர்கள் மேல் தப்பில்லை. "என்ன நோய்?" என்று கேட்டால் அதற்கு விடை ஒன்றுதான். ஒருவர் அதைச் சொல்லிவிட்டால் மீதி 149 பேருக்கு அங்கே என்ன வேலை? பேச்சு வரவேண்டுமென்றால், விவரம் தெரிந்த இரண்டு பேர்கூட வெவ்வேறாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். கேஸையும் முழுதாக ஒரே நாளில் கொட்டாமல், வார்டில் நமக்குத் தகவல் எப்படித் துண்டு துண்டாக வருகிறதோ அப்படிக் கொடுக்க வேண்டும்.

ஒரு உதாரணம். திங்கட்கிழமை இவ்வளவு மட்டும் போடுங்கள்: மழைக்குப் பிந்தைய மாதம். நாற்பதுகளில் ஒரு பெண், வயல்வேலை செய்பவர். எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. தட்டணுக்கள் 60,000. வெளி ஆய்வகத்தில் இன்று காலை எடுத்த என்.எஸ்.1 (டெங்குவைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை) நெகட்டிவ்.

இதற்குக் கீழே மூன்று கேள்விகள். இந்த என்.எஸ்.1 முடிவை வைத்து டெங்குவைத் தள்ளிவிடலாமா, ஏன்? உடல் பரிசோதனையில் எந்தெந்த இடங்களை ஆடை விலக்கிப் பார்ப்பீர்கள்? இன்று ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் வழி இருக்கிறது என்றால் எதைக் கேட்பீர்கள், எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் மாறும்?

முதல் கேள்வியிலேயே வகுப்பு இரண்டாகப் பிரியும். நெகட்டிவ் என்றதும் டெங்குவை அடித்துவிடுபவர்கள் ஒரு பக்கம். என்.எஸ்.1 பெரும்பாலும் முதல் ஐந்து நாட்களுக்குள்தான் கைகொடுக்கும், எட்டாம் நாளில் நெகட்டிவ் வந்தால் அது எதையும் தீர்மானிக்காது என்று நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்வி பாடப்புத்தகத்தில் நேராகக் கிடைக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, பாவாடை நாடா கட்டும் இடுப்பு என்று எழுதுகிற மாணவி, ஸ்க்ரப் டைஃபஸை (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்; கடித்த இடம் பெரும்பாலும் இப்படி மறைவான இடங்களில் கருத்த பொருக்காக இருக்கும்) மனதில் வைத்தே எழுதுகிறாள். நோயின் பெயரை அவள் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். யாராவது முதல் பத்து நிமிடத்திலேயே "ஸ்க்ரப்" என்று போட்டுவிட்டால் தடுக்க வேண்டாம். "சரி, அது இல்லை என்று சொல்லவைக்கக்கூடிய ஒரு விஷயம் என்ன?" என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

புதன்கிழமை அடுத்த துண்டு: இடது அக்குளில் ஏறக்குறைய ஒரு செ.மீ. அளவில் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, வலியில்லை. கல்லீரல் நொதிகள் உயர்ந்திருக்கின்றன, மார்பு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் நிழல். இப்போது கேள்வி: ஸ்க்ரப் டைஃபஸுக்கான மருந்தான டாக்ஸிசைக்ளினை உடனே தொடங்குவதா, நோயை உறுதிசெய்யும் ஐ.ஜி.எம். எலைசா இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை பொறுப்பதா? வெள்ளிக்கிழமை கதையைத் திருப்புங்கள்: மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. இந்த நோயில் வழக்கமாக அதற்குள் இறங்கிவிடும் என்பதால், மாணவர் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். நோயே வேறா, கூடவே இன்னொரு தொற்று இருக்கிறதா, மருந்து வாந்தியில் போய்விட்டதா? தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே கொடுத்தால் ஒற்றை மருந்தைவிட நல்ல பலன் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு 2023இல் காட்டியது. அதைத் தேடிப் படித்துவரும் பொறுப்பை ஒரு குழுவுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. 150 பேர் இருக்கும் இடத்தில் யாருக்கும் பொறுப்பு இருக்காது. பத்துப் பத்துப் பேராகப் பதினைந்து குழுக்கள் ஆக்குங்கள். ஆறு பேருக்குக் கீழே போனால், இரண்டு பேர் ஊருக்குப் போன வாரம் பேச்சு படுத்துவிடும். பதினைந்தைத் தாண்டினால் மறுபடி ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். பட்டியல் எண் வரிசையில் பிரிக்காமல் வார்டு போஸ்டிங்கில் (மாணவர்கள் முறைவைத்து வார்டில் பயிலும் காலம்) சேர்ந்திருக்கும் யூனிட்டை ஒட்டிப் பிரித்தால், நேரிலும் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பதால் கூச்சம் குறையும்.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் கசக்கும். முதல் ஒரு நாள், திருப்பிக் கேட்கும் கேள்வியைத் தவிர, நீங்கள் வாய் திறக்கக் கூடாது. பேராசிரியர் வந்து "வெரி குட்" என்று ஒருவருக்குச் சொன்ன நொடியே, அதுதான் விடை என்று மற்றவர்கள் மூடிவைத்துவிடுவார்கள்.

எங்கள் கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளம் இருக்கிறது. பாடக்குறிப்பு ஏற்றிவைக்க மட்டும் பயன்படுகிறது. வாட்ஸ்அப்பை விட்டு அதற்கு மாறினால் பலன் உண்டா? ஒருமுறை முயன்றபோது மாணவர்களால் பதிலே போட முடியவில்லை.
– உடற்செயலியல் ஆசிரியர், சேலம்

மாறலாம். அதற்கு முக்கியக் காரணம், மூடுலில் ஃபோரம் என்ற விவாதப் பகுதியில் இருக்கும் 'கேள்வி-பதில்' வகை. அதில் ஒரு மாணவர் தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது அவர் கண்ணுக்குத் தெரியும். முந்தின கேள்வியில் சொன்ன "முதலாமவர் சொல்லிவிட்டார்" நோய்க்கு இதுவே நேரடி மருந்து. ஆனால் பதில் போட்ட உடனே மற்றவை திறக்காது. பதிவைத் திருத்திக்கொள்ளக் கொடுக்கும் அவகாசம், இயல்பாக 30 நிமிடம், முடிந்த பிறகுதான் திறக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "சார், ஒன்றும் தெரியவில்லை" என்று இருபது செய்திகள் வரும்.

மாணவர்களால் பதில் போட முடியாததற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருந்திருக்கும். கேஸையும் கேள்வியையும் ஃபோரத்தின் 'விளக்கம்' கட்டத்தில் எழுதிவிட்டு, உள்ளே தனிப்பதிவாகப் போடாமல் விட்டிருக்கலாம். கேள்வி-பதில் வகையில் கேள்வியைத் தொடங்கும் உரிமை ஆசிரியருக்கே என்பதால், பதிவு இல்லையென்றால் மாணவருக்குப் 'பதிலளி' பொத்தான் எங்கிருந்து வரும்? இன்னொன்று, 'தனித்தனிக் குழுக்கள்' என்று அமைத்துவிட்டு, பதிவை 'அனைத்துப் பங்கேற்பாளர்கள்' என்ற பெயரில் போட்டிருக்கலாம். அப்போது எல்லாக் குழுவும் படிக்கலாம், யாரும் பதில் எழுத முடியாது. பதிவு போடும்போதே 'எல்லாக் குழுக்களுக்கும் நகல் இடு' என்ற கட்டத்தை டிக் செய்தால் தீர்ந்தது. புதிய பதிப்புகள் எல்லாவற்றிலும் அது உண்டு. 'மேம்பட்ட' என்பதை அழுத்தினால்தான் சில திரைகளில் கண்ணில் படும். 'ஒற்றை எளிய விவாதம்' என்ற வகையைத் தனித்தனிக் குழுக்களோடு சேர்க்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பைத் தூக்கிப்போட வேண்டாம். "புதிய துண்டு போட்டாயிற்று" என்று தகவல் சொல்ல அதைவிட வேகமானது எதுவும் இல்லை. விவாதம் அங்கே நடந்தால்தான் சிக்கல். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது ஒரு நாளிலேயே தொலைந்துபோகும். பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஹாஸ்டல் மெஸ் அறிவிப்புக்கும் நடுவே உங்கள் எக்ஸ்ரே கிடக்கும். கல்லூரியில் மூடுல் இல்லையென்றால் கூகுள் கிளாஸ்ரூமில் 'கேள்வி' என்ற வகையைப் பயன்படுத்தலாம். மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் வசதியைத் திறந்துவைத்தால் சமாளித்துவிடலாம்.

யூனிட்டில் வரும் நல்ல கேஸ்களைப் படம் எடுத்து மாணவர் குழுவில் போடச் சொல்கிறார்கள். கண்ணை மறைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சரியா?
– ஹவுஸ் சர்ஜன், திருநெல்வேலி

உறுத்துவது நியாயம். கண் மேல் கறுப்புப் பட்டை போட்டால் வீட்டுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அடையாளம் தெரியாமல் போகாது. தழும்பு, பச்சை குத்தல், தாலி, பின்னால் தெரியும் கட்டில் எண், எல்லாமே ஆளைச் சொல்லும். முகம் பாடத்துக்குத் தேவையில்லையென்றால் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது.

அனுமதி முதலில். சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டது படிப்புக்குப் படம் எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. தனியாக, தமிழில், எழுத்தில் வாங்க வேண்டும். எதைப் படம் எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்போம், வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது, பின்னால் மனம் மாறினாலும் சொல்லலாம் – இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை ஒரு குறிப்பிட்ட நோக்கத்தோடு கட்டிவைக்கிறது. எச்.ஐ.வி. நிலை பற்றி 2017ஆம் ஆண்டுச் சட்டமும், பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகள் பற்றி போக்சோ சட்டமும் இன்னும் கறார். மெடிகோ லீகல் கேஸ் (காவல்துறை சம்பந்தப்பட்டது), தற்கொலை முயற்சி, பத்திரிகையில் வந்த விபத்து இவையெல்லாம் படமாகவோ உண்மை விவரமாகவோ மாணவர் குழுவுக்குள் வரவே கூடாது.

இனி, எல்லோரும் கோட்டைவிடும் இடங்கள். பவர்பாயின்டில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி கண்ணுக்குத்தான் மறையும். கோப்புக்குள் அப்படியே இருக்கும். அந்த ஸ்லைடைப் பெற்றவர் படத்தைச் சொடுக்கி 'வெட்டலை மீட்டமை' என்றால் நோயாளியின் பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணும் திரும்பி வரும். 'படத்தைச் சுருக்கு' என்பதில் வெட்டிய பகுதிகளை நீக்கச் சொல்ல வேண்டும். அல்லது வெட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் புதிய படத்தை மட்டும் போடலாம். பி.டி.எஃப்.பில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைவதும் இதே கதைதான். கட்டத்தை நகர்த்தினால் கீழே எழுத்து இருக்கும். ஸ்கேன் படங்களில் இரண்டு இடத்தில் பெயர் உண்டு. படத்தின் மேலேயே அச்சான எழுத்து ஒன்று. ஸ்கேன் இயந்திரம் தரும் டைகாம் என்ற வகைக் கோப்பின் தலைப்பில் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை என்று கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இன்னொன்று. டைகாம் கோப்பை அப்படியே அனுப்பாமல், பெயரில்லாத படமாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். இ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்தை மடித்துவிட்டுப் படம் எடுங்கள்.

கைபேசிப் படத்தில் இடமும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் 'படம்' என்று அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று 'ஆவணம்' என்று அனுப்பினால் அப்படியே போகும். எப்படி அனுப்பினாலும், தானாக இறக்கும் அமைப்பு இருந்தால் குழுவில் உள்ள ஒவ்வொருவர் கேலரியிலும் அது போய் உட்காரும். அங்கிருந்து கிளவுடுக்கும் போகும். நீங்கள் 'எல்லோருக்கும் அழி' என்று அழுத்தினாலும் அங்கே சேமித்தது எல்லாம் போய்விடும் என்று நம்ப முடியாது.

எழுத்திலும் இதே கவனம் வேண்டும். 42 வயது என்பதை நாற்பதுகளில் என்றும், தேதியை நோயின் மூன்றாம் நாள் என்றும், ஊர்ப் பெயரை நெல் வயல் சார்ந்த கிராமம் என்றும் மாற்றுங்கள். அரிய நோயாக இருந்தால் இதுவும் போதாது. மாவட்டத்திலேயே ஒருவருக்குத்தான் அந்த நோய் என்றால், பெயர் எதற்கு? அப்படிப்பட்ட கேஸில் பாடத்துக்குத் தொடர்பில்லாத விவரங்களை மாற்றி, "விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று மேலேயே எழுதிவிடுவது முறை.

உங்கள் மேலதிகாரியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையான கேள்வி என்று புரிகிறது. "சார், கன்சென்ட் படிவம் எந்த ஃபைலில் இருக்கிறது?" என்று கேளுங்கள். மறுப்பாகவும் இருக்காது, வேலையும் நடக்கும்.

மாணவர்கள் தப்பும் தவறுமாக எழுதுவதை அப்படியே விட்டால் மற்றவர்கள் அதை உண்மை என்று படித்துவிட மாட்டார்களா? நான் தவறான பதிவுகளை அழித்துவிடுகிறேன்.
– அறுவை சிகிச்சைப் பேராசிரியர், மதுரை

அழிக்காதீர்கள். அழித்த பதிவுக்குச் சொந்தக்காரர் மறுபடி எழுத மாட்டார். அவரைப் பார்த்த நான்கு பேரும் எழுத மாட்டார்கள். பாடம் கிடைப்பதே பாதி சரியான பதில்களில்தான்.

பாம்புக்கடி கேஸ் ஒன்றில், காலில் இறுகக் கட்டிய கயிற்றோடு நோயாளி வருகிறார் என்று வையுங்கள். "கட்டுப் போடுவது தவறு, உடனே அவிழ்க்க வேண்டும்" என்று ஒரு மாணவர் எழுதுவார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில் ஆபத்து இருக்கிறது. தேங்கி நின்ற நஞ்சு ஒரேயடியாக உடலுக்குள் பாய்ந்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம், இரத்த அழுத்தம் சரியலாம். அதனால் கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பார்த்து, மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் ஊசி வழியை ஏற்படுத்தி, மூச்சுக்கு உதவ ஆளும் கருவியும் தயாராக வைத்துக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும். இதை நீங்களே எழுதிவிட்டால் ஒரு வரிப் பாடம். "அவிழ்த்த அடுத்த ஐந்து நிமிடத்தில் என்னென்ன நடக்கலாம்? அதற்கு முன் என்ன கையில் இருக்க வேண்டும்?" என்று கேட்டால் குழுவே அங்கே போய்ச் சேரும்.

இன்னொருவர் "20 நிமிட இரத்த உறைதல் சோதனை செய்தோம், உறைந்தது, எனவே நஞ்சு ஏறவில்லை" என்று எழுதுவார். எந்தக் குழாயில் செய்தீர்கள் என்று கேளுங்கள். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ செய்தால் இரத்தத்தில் கோளாறே இல்லாவிட்டாலும் உறையாமல் போகலாம். அந்த நோயாளிக்குத் தேவையில்லாமல் நஞ்சுமுறி மருந்து ஏறும். இந்த மாணவர் விஷயத்தில் உறைந்திருக்கிறது. ஆனால் கடித்தது நாகமோ கட்டுவிரியனோ என்றால் உறைதல் சரியாகவே இருக்கும், இமை சரியும். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சுள்ள கண்ணாடி விரியனாகவே இருந்தாலும் ஒரு முறை உறைந்தது போதாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு தவறான பதிலிலிருந்து இவ்வளவு கிளைகள்.

ஆனால் விதிவிலக்கு ஒன்று உண்டு. மருந்தின் அளவு பத்து மடங்கு தவறு, கொடுக்கும் வழி தவறு, இப்படி யாராவது அப்படியே டியூட்டியில் செய்துவிடக்கூடிய தவறு என்றால் விவாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பார்த்த உடனே, அதே பதிவுக்கு நேர் கீழே, சரியான அளவை எழுதுங்கள். மாணவரின் வரியை நீங்கள் திருத்தி எழுதாதீர்கள், அது அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது. எந்தக் குழுவும் வார இறுதியில் உங்கள் தொகுப்புரை இல்லாமல் மூடப்படக் கூடாது. என்னென்ன யோசனைகள் வந்தன, எவை நிற்கும், எவை நிற்காது, ஏன் என்று அரைப்பக்கம் போதும்.

பதினைந்து குழு என்றால் யார் உட்கார்ந்து படிப்பது? எனக்கு ஓ.பி. இருக்கிறது, தேர்வுத் தாள் இருக்கிறது.
– துறைத் தலைவர், கோயம்புத்தூர்

எல்லாவற்றையும் நீங்கள் படிக்கப் போனால் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள். பி.ஜி. (முதுநிலை) மாணவர்களுக்கு ஆளுக்கு மூன்று குழு கொடுங்கள். ஐந்து பேர் இருந்தால் போதும். அவர்கள் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று முறை, முறைக்கு இருபது நிமிடம் உள்ளே போனால் சரியாக வரும். அவர்களுக்கும் வேலை பாடம் நடத்துவது அல்ல. பேசாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இரண்டு பதில்கள் மோதும் இடத்தைச் சுட்டிக்காட்டுவது, ஆபத்தான தவறைக் கண்டால் உங்களுக்குச் சொல்வது, அவ்வளவுதான். நீங்கள் தொகுப்புரைக்கு மட்டும் வாருங்கள். பதினைந்து தொகுப்புரை தேவையில்லை, பி.ஜி.க்கள் தரும் குறிப்புகளை வைத்து ஒன்று.

நடத்தும் பொறுப்பைச் சுற்றிவிடுவது நம் ஊரில் புதிதும் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007இலிருந்து இயங்கும் ஃபைமர் மையத்தில், மருத்துவ ஆசிரியர்களுக்கான இரண்டாண்டுப் பயிற்சியின் நேரடி அமர்வுகளுக்கு இடையே விவாதம் மின்னஞ்சல் குழுவில்தான் ஓடுகிறது. பயிற்சி பெற வந்தவர்களே அதை நடத்தவும் செய்கிறார்கள். உங்கள் கல்லூரியில் அந்தப் பயிற்சி முடித்தவர் யாராவது இருந்தால் மருத்துவக் கல்விப் பிரிவில் விசாரியுங்கள்.

வாரா வாரம் நடத்தவும் வேண்டாம். ஒரு போஸ்டிங்குக்கு இரண்டு கேஸ் போதும். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

எல்லாப் பதிவுகளையும் படிக்கிறேன். எழுதுவதில்லை. அதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமா?
– எம்.பி.பி.எஸ். மாணவி, வேலூர்

படிப்பதும் கற்றல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுதும்போதுதான் நமக்குத் தெரியாதது நமக்கே தெரியவருகிறது. பதிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர்கள்தான் இதைக் கெடுப்பது. ஐந்து பதிவுக்கு ஐந்து மதிப்பெண் என்றால் "நானும் இதையே நினைக்கிறேன்" என்று ஐந்து முறை எழுதத்தான் தோன்றும். கேஸுக்கு இரண்டே பதிவு: ஒன்று உங்கள் சொந்த முடிவும் காரணமும், 150 சொற்களுக்குள். இன்னொன்று வேறொருவரின் பதிலுக்கு எதிர்வாதமோ கூடுதல் தகவலோ. இவற்றைக் காரணம் சொன்ன விதத்துக்காக மட்டும் மதிப்பிடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். விடை தவறாக இருந்தாலும் காரணம் ஒழுங்காக இருந்தால் முழு மதிப்பெண் என்று அவர் முதல் நாளே அறிவித்துவிட்டால் உங்களைப் போன்ற பாதிப் பேர் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். விவாதத்தில் ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். தமிழில் எழுதினால் சிரிப்பார்களா?
– முதலாம் ஆண்டு மாணவர், விழுப்புரம்

முதல் ஆறு மாதம் தமிழிலோ கலந்தோ எழுதுங்கள். கலைச்சொற்களை மட்டும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி போடுங்கள். நேர் வகுப்பில் பதில் சொல்ல ஐந்து விநாடி கிடைக்கும். இங்கே உங்களுக்கு இரண்டு நாள் கிடைக்கிறது. எழுதி, திருத்தி, பிறகு போடலாம். நோயாளி சொல்லும் வரலாற்றை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவுசெய்வது உங்களுக்கு எளிதாக வரும், ஆங்கில வழியில் வந்த பலருக்கு வராது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விவாதத்தின் மொழி எது என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் எல்லோரும் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மாணவர்கள் போடும் பதில்கள் திடீரென்று மிக அழகாக இருக்கின்றன. சாட்ஜிபிடிதான் எழுதுகிறது என்று தெரிகிறது. இனி இந்த முறைக்கு அர்த்தம் உண்டா?
– சமூக மருத்துவ ஆசிரியர், திருச்சி

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். அவை தவறாகவும் பிடிக்கும். கேள்வியை மாற்றுவதுதான் வழி. "ஸ்க்ரப் டைஃபஸ் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளை விளக்குக" என்றால் இயந்திரம் எழுதித் தள்ளிவிடும். "நீங்கள் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் போய்வரும் வீட்டில், இந்த நடவடிக்கைகளில் எது நடக்காது, ஏன்?" என்று கேட்டால் அது திணறும். அந்த வீட்டின் பின்புறம் புதர் இருக்கிறதா, எலி வளை இருக்கிறதா, யார் வெறுங்காலோடு புல் அறுக்கப் போகிறார் என்பதெல்லாம் அங்கே போன மாணவருக்குத்தான் தெரியும். வீட்டை அடையாளம் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் இயந்திரம் எழுதிய விடையை நீங்களே வெளிப்படையாகப் போட்டு, "இதில் நம் வட்டார மருத்துவமனைக்குப் பொருந்தாத மூன்று விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்" என்று விடுங்கள். சந்தேகம் இருக்கும் மாணவரை வார்டு ரவுண்டில் இரண்டு நிமிடம் நிறுத்தி, அவர் எழுதியதையே அவர் வாயால் விளக்கச் சொன்னால் போதும்.

மகன் மருத்துவம் படிக்கிறான். இரவு பதினொரு மணிக்கும் போனும் கையுமாக இருக்கிறான். கேட்டால் "கேஸ் டிஸ்கஷன்" என்கிறான். நம்பலாமா?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

திரையைப் பார்க்காமல், "நோயாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், ஐயா. உண்மையாக இருந்தால் நிறுத்தாமல் சொல்வான். ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பதிவு போட்டு, காலை எட்டுக்குள் பதில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெடு எப்போதும் மாலை ஆறு மணியாக இருக்கட்டும்.

இதனால் மாணவர்கள் கற்றார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "பிடித்திருந்ததா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்கிறார்கள்.
– மருத்துவக் கல்விப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், சென்னை

பிடித்ததா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். விவாதம் தொடங்கும் முன், அந்தக் கேஸில் முடிவெடுக்க வேண்டிய இடங்களை மட்டும் வைத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள். விவாதம் முடிந்த கையோடு மறுபடி கேட்டால் மதிப்பெண் கூடத்தான் செய்யும், அதை வைத்து மகிழ வேண்டாம். நான்கு வாரம் கழித்து, அறிவிப்பு இல்லாமல், அதே முடிவுகளை வேறு கேஸில் வைத்துக் கேளுங்கள். வயல்வேலைப் பெண்ணுக்குப் பதில் காட்டில் விறகு எடுக்கப் போன பையன், மூச்சுத் திணறலுக்குப் பதில் குழப்பமும் கழுத்து இறுக்கமும். முடிந்தால் விவாதத்தில் கலந்துகொள்ளாத யூனிட்டிடமும் அதையே கேளுங்கள். இரண்டு யூனிட்டின் மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தால் உங்கள் கேள்விகளைத் திரும்ப எழுத வேண்டும்.

கூடவே வார்டில் ஒன்றைக் கவனியுங்கள். காய்ச்சல் நோயாளியைப் பார்க்கும்போது, மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, அனுமதி கேட்டு, அக்குளைப் பார்க்கிறார்களா? ஒரு போஸ்டிங்கில் எத்தனை கேஸ் ஷீட்டில் "எஸ்கார் இல்லை" (அந்தக் கருத்த பொருக்கு இல்லை) என்றாவது எழுதியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த போஸ்டிங்கோடு ஒப்பிட ஒரு பழைய கேஸ் ஷீட் கட்டும் ஒரு மதிய நேரமும் போதும்.